நாவல் வழியே ஆங்கிலச் சொல் கற்பது: பட்டியலா, அகராதியா, வெறும் வாசிப்பா, உடன் வாசிப்பா?

கோடை விடுமுறை தொடங்கும்போதெல்லாம், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பார். பிள்ளை ஆறாவதோ ஏழாவதோ படிக்கிறது, பாடப்புத்தகத்து ஆங்கிலம் ஒருவாறு வருகிறது, ஆனால் சொல்வளம் போதவில்லை. இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்? முப்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். ஒரு நல்ல நாவலைக் கையில் கொடுங்கள் என்பதுதான் என் பதில், அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த நாவலை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் கருத்துகள் பலவாகப் பிரிகின்றன. சொற்பட்டியலை முதலில் மனப்பாடம் செய்ய வைக்கலாம் என்பார் ஒருவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்பார் இன்னொருவர். பிள்ளையைத் தன் போக்கில் படிக்க விட்டாலே போதும் என்பாரும் உண்டு. பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த நான்கு வழிகளையும் என் மகள் வயிற்றுப் பேத்தியிடமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரிடமும் ஒரே நாவலை வைத்துச் செய்து பார்த்தேன். கண்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது வில்சன் ரால்ஸ் எழுதி 1961-இல் வெளிவந்த ‘வேர் த ரெட் ஃபெர்ன் க்ரோஸ்’. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ஓசார்க் மலைப்பகுதியில் வாழும் பில்லி என்னும் ஏழைச் சிறுவன், வேட்டை நாய்கள் இரண்டு வேண்டும் என்று ஏங்குகிறான். மீன்பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டில் இரையும் காய்கறியும் பழமும் விற்று, இரண்டு ஆண்டுகளில் 50 டாலரைப் பழைய தகர டப்பா ஒன்றில் சேர்க்கிறான். பிறகு டாலிக்வா என்னும் ஊருக்கு வீட்டாருக்குத் தெரியாமல் நடந்தே போய் இரண்டு குட்டிகளை எடுத்து வருகிறான். ஓல்ட் டான் என்பது வலிமையும் முரட்டுத் துணிச்சலும் உள்ள ஆண் நாய்; லிட்டில் ஆன் என்பது உருவில் சிறிய, அறிவில் பெரிய பெண் நாய். இரவு நேரத்தில் ரக்கூன் என்னும் விலங்கைத் துரத்தி மரமேற்றுவதே அவற்றின் வேலை.

கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது என்று நான் நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன. ஆட்டுப்பட்டியும் பட்டி நாயும் தெரியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. எங்கள் நாட்டுப்புறக் காவியமான அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு, கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வீழ்த்தப் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய் துணை நின்றது நினைவிருக்கும். லிட்டில் ஆன் கதைக்குள் வந்த அன்றே என் பேத்தி, “இது நம்ம பொன்னாச்சி மாதரயேதானுங்க அப்புச்சி” என்றாள். அதன்பின் அந்த நாயைப் பற்றி வரும் எந்தச் சொல்லையும் அவள் மறக்கவில்லை.

எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னால் ஒரு சிறு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிப்பதற்கு, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் என்னும் ஆய்வாளர்கள் 2000-இல் கண்ட முடிவு. ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே தெரியாததாக இருக்கலாம் என்று இதற்குப் பொருள். நாவலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, முந்நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் கீழ்ப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். கோடுகள் ஆறுக்குள் இருந்தால் பிள்ளை தனியாகவே படிக்கலாம். பதினைந்தைத் தாண்டினால் துணை வேண்டும். முப்பதைத் தாண்டினால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் காலம் வரவில்லை. என் பேத்திக்குப் பதினாறு வந்தது. பக்கத்து வீட்டு மூத்த பையனுக்கு ஏழு. அவன் தங்கைக்கு இருபத்தொன்று. மூவருக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதை இந்தப் பென்சில் கோடுகளே முதலில் காட்டின.

முதல் வழி, பட்டியல். நாவலில் உள்ள இருபது அத்தியாயங்களுக்கும் சொற்பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள் எழுதி, படிக்கும் முன்னரே மனப்பாடம் செய்ய வைத்து, வாரம் ஒரு தேர்வு நடத்துவது. பயிற்சி மையங்கள் விரும்பும் வழி இதுதான், ஏனென்றால் மதிப்பெண் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி சென்ற ஆண்டு இப்படி ஒரு மையத்தில் படித்தவள். ‘சென்ட்’ என்றால் வாசனை என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவளும் அதைப் பிழையின்றி ஒப்பித்தாள். ஆனால் நாவலில் நாய்கள் ‘சென்ட்’ பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் இடம் வந்தபோது திகைத்துப்போய், “அந்த நாய்க்கு யாருங்க சென்ட் அடிச்சு உட்டாங்க?” என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் ‘சென்ட்’ என்பது கல்யாணத்துக்குப் போகும்போது சட்டையில் அடித்துக்கொள்வது, அதற்கு வாசனை என்ற பொருள் முற்றிலும் பொருந்தவும் செய்கிறது. விலங்கு நடந்துபோன தடத்தில் அது விட்டுச்சென்ற மணம், அதாவது நாய் மோப்பம் பிடிக்கும் அந்த மணம், என்னும் பொருள் பட்டியலின் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

பட்டியலில் எனக்குள்ள பெரிய குறை வேறொன்று. அது எல்லாச் சொற்களையும் ஒரே எடையில் வைக்கிறது. அந்த ஊர் மரமொன்றின் பெயரான ‘சிக்கமோர்’ என்பதும், எந்தக் கட்டுரையிலும் எந்தச் செய்தியிலும் தேவைப்படும் ‘டிடர்மினேஷன்’ என்பதும் அங்கே அடுத்தடுத்த வரிசை எண்கள்தாம். ஆயினும் பட்டியலை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வாரமே இருக்கிறது, பிள்ளைக்குக் கதையில் நாட்டமும் இல்லை என்றால், அந்த நேரத்துக்குள் வேறு எந்த வழியும் இவ்வளவு சொற்களைக் கண்ணில் காட்டாது. அவை எத்தனை நாள் மனத்தில் நிற்கும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது வழி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதியைப் பார்ப்பது. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் பார்க்கிறார்கள். இதில் ஒழுங்கு இருக்கிறது, தன்முயற்சியும் இருக்கிறது. ஆனால் பதினாறு கோடு விழும் பக்கத்தில் பதினாறு முறை கதையை விட்டு வெளியே போய்வர வேண்டும். நாய்கள் மரத்தடியில் குரலெடுத்துக் கத்திக்கொண்டிருக்க, பில்லி கோடரியோடு இருட்டில் ஓடுகிறான். நம் பிள்ளையோ அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைத் தடவிக்கொண்டிருக்கிறது. நான்காம் நாளே என் பேத்தி அலுத்துப்போனாள்.

அலுப்பைவிடக் கவலைக்குரியது, கைப்பேசி தரும் முதல் பொருள் தவறாக இருப்பது. ‘ஹைட்’ என்று தேடினால் ஒளிந்துகொள் என்று வருகிறது. நாவலில் பில்லி விற்பது ரக்கூனின் தோலை. ‘பாட்டம்ஸ்’ என்று தேடினால் அடிப்பகுதி என்று வருகிறது. நாவலில் அது ஆற்றை ஒட்டிய தாழ்ந்த சமவெளி, ரக்கூன்கள் இரைதேட வரும் இடம். ‘ட்ரீ’ என்பது மரம் என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும், ஆகவே யாரும் அதைத் தேடுவதே இல்லை. ஆனால் இந்த நாவலில் அது ஒரு வினைச்சொல்லும் ஆகும். விலங்கைத் துரத்தி மரமேற வைத்து, அது இறங்கிவிடாதபடி அடியில் நின்று குரைப்பதை அந்த ஒற்றைச் சொல் குறிக்கிறது. தவறான மரத்தைப் பார்த்துக் குரைப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு, ஆளையோ காரணத்தையோ தவறாகக் கருதுவதை அது குறிக்கும். அந்த வழக்கு பிறந்ததும் இந்த ரக்கூன் வேட்டையிலிருந்துதான். நாவலைப் படித்த பிள்ளைக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இராது.

தமிழ்ப் பொருளே நம்மை வழுக்கிவிடும் இடமும் உண்டு. இதைக் கொங்குப் பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ‘வுட்ஸ்’ என்றால் காடு என்று அகராதி சொல்கிறது. எங்கள் பக்கத்தில் காடு என்றால் மழையை நம்பிச் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைக்கும் மேட்டு நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். “அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க” என்று சொல்லும் பிள்ளை, பில்லி இரவெல்லாம் காட்டில் திரிந்தான் என்று கேட்டதும் சோளத்தட்டுக்கு நடுவே லாந்தர் பிடித்து நடப்பவனை மனத்தில் காண்கிறது. வனம் என்றோ, சத்தியமங்கலத்து மலைக்காடு என்றோ சொன்னால்தான் படம் சரியாகும். மாறாக, ‘க்ரீக்’ என்பதற்கு அகராதி தரும் சிற்றோடை என்னும் ஏட்டுச் சொல்லைவிட எங்கள் ஊர்ப் பள்ளம் என்ற சொல்லே கச்சிதமாகப் பொருந்துகிறது. குண்டேரிப்பள்ளம் அணையைப் பார்த்த பிள்ளைக்கு, மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி ஓடும் தடம்தான் பள்ளம் என்பது தெரியும். அச்சு அகராதிகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒரு சொல்லின் பல பொருள்களையும் ஒரே இடத்தில் தருவதால் கைப்பேசியைவிட மேலானது. ஆனால் அதைப் படிக்கும்போது திறக்காமல், அத்தியாயம் முடிந்த பிறகு திறப்பதே பயன் தரும்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதையும் தேடாமல், எதையும் எழுதாமல், கதையின் போக்கிலேயே பொருளை ஊகித்துப் படித்துக்கொண்டே போவது. இன்பமான வழி, இயல்பான வழி, ஆனால் மெதுவான வழி. நாகி, ஆண்டர்சன், ஹெர்மன் என்போர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாகப் படிக்கும்போது ஒரு முறை எதிர்ப்படும் புதுச்சொல்லைப் பிள்ளை கற்றுக்கொள்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்றே என்று கண்டனர். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏழு கோடு விழுந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்த வழி போதுமானதாக இருந்தது; நாவலை ஒன்பது நாளில் முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தான். இரண்டாம் வாசிப்பில்தான் அவனுக்குச் சொற்கள் தங்கின. இருபத்தொரு கோடு விழுந்த அவன் தங்கையோ, நாய் எதற்காகத் தண்ணீருக்குள் போனது என்பதுகூடத் தெரியாமல் இரண்டு அத்தியாயம் ஓட்டியிருந்தாள்.

நான்காவது வழிக்கு ஒரு பெரியவரின் அரை மணி நேரம் நாள்தோறும் வேண்டும். அதன் விலை அதுதான், அது சிறிய விலையும் அன்று. நாங்கள் செய்தது இப்படி: இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து அரை அத்தியாயம் வாய்விட்டுப் படிப்பேன், பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். கதை நின்றுவிடக் கூடிய இடத்தில் மட்டும் ஒரு சொல்லுக்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நிற்காமல் மேலே போவேன். படித்து முடித்த பிறகுதான் சொற்களைப் பற்றிய பேச்சு. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மூன்று சொல்லைத் தேர்வார்கள், நான் இரண்டு சேர்ப்பேன். நாள்தோறும் அரை அத்தியாயம் என்றால் ஆறு வாரத்தில் நாவல் முடிந்துவிடும். இந்த நாவலை எழுதியவரே சிறுவயதில் தாய் வாய்விட்டுப் படித்த புத்தகங்களைக் கேட்டு வளர்ந்தவர், முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்தவர். தன் எழுத்துப் பிழைகளுக்கு வெட்கப்பட்டுக் கையெழுத்துப் படிகளை எரித்தும்விட்டார். மனைவி வற்புறுத்தியதால் இந்தக் கதையை மீண்டும் எழுதினார். காதால் கற்றவரின் நடை என்பதாலோ என்னவோ, இதன் வாக்கியங்கள் வாய்விட்டுப் படிக்க மிகவும் தோதாக இருக்கின்றன.

இந்த வழியின் பலன், சொல்லுக்குப் பக்கத்தில் பொருளை அல்ல, ஒரு நிகழ்ச்சியை வைக்க முடிகிறது என்பதே. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்கிறேன். நாய்கள் முதன்முதலாக மரமேற்றிய ரக்கூன், அந்த ஆற்றங்கரையிலேயே மிகப்பெரிய சிக்கமோர் மரத்தில் ஏறிவிடுகிறது. மரமேற்றினால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாய்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த பில்லி, அதைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பெருமரத்தை ஒரு கோடரியால் நாள்கணக்கில் வெட்டுகிறான், கைகள் கொப்பளித்துக் கோடரியைப் பிடிக்க முடியாமல் போகும்வரை. அந்த இடத்தில் படிப்பை நிறுத்தி, இது ‘ஸ்டபர்ன்’ தானா, ‘டிடர்மினேஷன்’ தானா என்று கேட்டேன். சிறுமி, “வீம்புதானுங்க, ஒரு தோலுக்கு அத்தாச் சோட்டு மரத்த யாராச்சும் வெட்டுவாங்களா?” என்றாள். என் பேத்தி ஒப்பவில்லை. நாய்க்குச் சொன்ன சொல் என்ன ஆவது, இது வைராக்கியம் என்றாள். கால் மணி நேரம் விவாதம் நடந்தது. வீம்பு என்பதும் வைராக்கியம் என்பதும் எங்கே பிரிகின்றன என்பதை அவர்களே தமிழில் கண்டுகொண்டார்கள். அந்தப் பிரிவு அப்படியே இரண்டு ஆங்கிலச் சொற்களின்மீதும் போய் உட்கார்ந்தது. பட்டியலில் இவை இரண்டுக்கும் பிடிவாதம், உறுதி என்று எழுதியிருப்பார்கள், அதில் பிழையும் இராது. ஆனால் ஒரு மாதம் கழித்துத் தன் பள்ளிக் கட்டுரையில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல் வேண்டும் என்று என் பேத்திக்குத் தெரிந்திருந்தது இந்த விவாதத்தால்தான்.

வீட்டில் உள்ள பொருளோடு சொல்லைக் கட்டுவதும் உடன் வாசிப்பில்தான் இயலும். பில்லி குட்டிகளைத் தோளில் சுமந்து வருவது ‘கன்னி சேக்’ என்பதில். அது மூலையில் கிடந்த நம் கோணிச்சாக்கேதான். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லும் நம் கோணியும் உறவுச் சொற்கள் என்று சொன்னதும், பேத்தி எழுந்துபோய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ரக்கூன் நம் நாட்டில் இல்லை. வளையம் வளையமாகப் பட்டை போட்ட வாலும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போன்ற நிறமும் கொண்ட விலங்கு அது. ஆயினும் தென்னையில் இரவில் ஏறி இறங்கும் மரநாயைப் பார்த்தவர்களுக்கு, இராத்திரியில் உலவும், மரமேறும், கெட்டிக்காரத்தனமான ஒரு விலங்கு என்றால் பாதி புரிந்துவிடுகிறது. மீதிப் பாதி வேறுபாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் உடனிருப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. நாவலில் ரக்கூனைச் சுருக்கி ‘கூன்’ என்றே எழுதியிருக்கிறார்கள். விலங்கைக் குறிக்கும்போது அதில் தவறில்லை. ஆனால் அமெரிக்காவில் அதே சொல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாகவும் வழங்கியது; மனிதரைச் சுட்டி அதைச் சொல்லக் கூடாது என்பதைப் பிள்ளை அறிந்தே தீர வேண்டும். எந்தப் பட்டியலும் இதைச் சொல்லி நான் பார்க்கவில்லை. அடுத்தது வேட்டை. பில்லிக்கு அது குடும்பத்துக்கு வருமானம், அந்தக் காலத்து வழக்கம்; இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், நாயை விட்டு முயல் பிடிப்பதும் குற்றம். பக்கத்து வீட்டுப் பையன் நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போகலாமா என்று கேட்டபோது, இதைச் சொல்ல நான் அங்கே இருந்தது நல்லதாயிற்று.

எந்தச் சொற்களைத் தேர்வது என்பதில் இசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சொன்ன மூன்று அடுக்குப் பிரிவு எனக்குப் பெரிதும் உதவியது. அன்றாடப் பேச்சில் தாமாகவே வரும் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு துறைக்கு மட்டும் உரியவை மூன்றாம் அடுக்கு. எந்த நூலிலும் எந்தப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும், ஆனால் பேச்சில் அரிதாக வரும் சொற்கள் இரண்டாம் அடுக்கு. கற்பிக்கும் உழைப்பைச் செலவிட வேண்டியது இந்த இரண்டாம் அடுக்கில்தான். வேட்டைச் சொற்கள் கதை புரிவதற்கு வேண்டும், அவற்றுக்குப் படிக்கும்போதே ஒரு வார்த்தை விளக்கம் போதும். மறக்காமல் இருக்க நாங்கள் வைத்திருந்த சொல் அட்டைகளில் அவற்றை எழுத வேண்டியதில்லை. நான் சேர்த்த இரண்டு சொற்கள் எப்போதும் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவை. பிள்ளைகள் சேர்த்தவை எப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்; தானே தேர்ந்த சொல்லை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் விடுவதில்லை.

மறதிக்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதில் பட்டியல்காரர்களோடு எனக்கு உடன்பாடுதான். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் விளக்கிய அட்டைப்பெட்டி முறையை, செருப்பு வாங்கிய பெட்டி ஒன்றில் அமைத்துக்கொண்டோம். ஐந்து தடுப்புகள். புது அட்டை முதல் தடுப்பில். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால் மீண்டும் முதல் தடுப்புக்கே வரும். முதல் தடுப்பை நாள்தோறும் பார்க்க வேண்டும், கடைசித் தடுப்பை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். அட்டையின் பின்புறம் பொருளை எழுதாமல், அந்தச் சொல் வந்த நிகழ்ச்சியைத் தமிழில் ஒரு வரியாக எழுதச் சொன்னேன். ‘சென்ட்’ அட்டையின் பின்னால் சிறுமி எழுதியிருப்பது: “ஆத்துக்கு அக்கட்டால போய் லிட்டில் ஆன் கண்டுபுடிச்சது.”

இந்த நாவல் 1974-இல் திரைப்படமாகவும் வந்தது. அதை முதலில் காட்டிவிடலாமா என்று ஒரு தாய் கேட்டார். வேண்டாம், கடைசியில் காட்டுங்கள். கண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் சொல்லுக்கு வேலை இருக்காது.

ஆக, முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்கு என் பரிந்துரை இதுதான். கோடு ஆறு ஏழுக்குள் இருந்தால் தனியாகப் படிக்க விட்டு, இரண்டாம் வாசிப்பில் மட்டும் அட்டை எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் இருந்து, வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் தர முடியும் என்றால், உடன் வாசிப்புக்கு இணையாக வேறொன்றையும் நான் காணவில்லை. அந்தப் பெரியவரின் உச்சரிப்பு சிறப்பாக இருக்க வேண்டியதில்லை. என் உச்சரிப்பும் எங்கள் ஊர் மண்ணோடு கலந்ததுதான். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், அத்தியாயத்தைத் தட்டுத்தடுமாறியாவது ஒரு முறை படித்துவிட்டு, பிறகு அச்சு அகராதியில் ஐந்து சொல்லை மட்டும் பார்ப்பது அடுத்த நல்ல வழி. பட்டியல் வேண்டும் என்றால் அதைப் படித்த பின் கொடுங்கள். படித்ததைச் சரிபார்க்க அது உதவும்.

கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் நாங்கள் அட்டை எழுதவில்லை. பூமா என்னும் மலைச்சிங்கத்தோடு போராடிப் பில்லியைக் காப்பாற்றிய ஓல்ட் டான் காயத்தால் இறக்கிறது. லிட்டில் ஆன் உணவை விட்டு, அதன் குழிமேல் போய்ப் படுத்து உயிரை விடுகிறது. அந்தப் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சத்தில், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது படித்தேன். இரவில் படித்திருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள். படித்து முடித்ததும் சிறுமி எழுந்துபோய்ப் பட்டி நாய்க்குத் தண்ணீர் வைத்தாள். மறுநாள் மாலை அட்டைப்பெட்டியைத் திறந்தபோது, நான் கொடுக்காத ‘க்ரீஃப்’ (துயரம்) என்னும் சொல், பின்புறம் ஒன்றும் எழுதாமல், முதல் தடுப்பில் இருந்தது.